சொல்லுக்கு ஓர் அளவு

ஒக்கயாமா, ஜப்பான்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கே மழைக்காலம் பிடித்துக்கொண்டது. சும்மா 'மழை' என்றால் இந்த ஊரில் போதாது. 'இச்சிஜி' மழை என்றால் முன்னறிவிப்பு நேரத்தில் கால் பங்குக்கும் குறைவாகப் பெய்து ஓயும். 'தோகிதோகி' என்றால் விட்டு விட்டு, மொத்தம் பாதி நேரத்துக்குள். 'ஹகெஷீ' மழை மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல். வாளியைக் கவிழ்த்தாற்போல் இருக்கும் என்று வானிலைத் துறையே விளக்கம் தருகிறது. 80ஐத் தொட்டால் 'மோரெட்சு'. மூச்சு முட்டும், பயம் வரும் என்றே அட்டவணையில் போட்டிருக்கிறார்கள்.

நம்மிடமும் அளவு உண்டு. அதி கனமழை என்றால் ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல். ஆனால் அளவு மட்டும் ஆளைக் காப்பாற்றாது. நான் இருக்கும் ஒக்கயாமா மாநிலத்துக்கு 'வெயில் நாடு' என்று பெயர். அப்படியிருந்தும் 2018 ஜூலையில் இங்குள்ள மாபி என்ற ஊரில் ஆற்றங்கரை உடைந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள், வீட்டுக்குள்ளேயே. அப்போது வெளியேறச் சொல்ல இரண்டு சொற்கள் இருந்தன: 'கான்கோகு' அறிவுரை, 'ஷிஜி' உத்தரவு. அறிவுரை வந்தாலும், உத்தரவு வரட்டுமே என்று உட்கார்ந்திருப்பது நாடெங்கும் வழக்கமாக இருந்தது. 2021 மே மாதம் 'கான்கோகு'வை எடுத்தேவிட்டார்கள். இப்போது 'ஷிஜி' என்ற ஒரே சொல்தான்: வெளியேறு.

நம் பக்கம் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணைக்கு வந்து, வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடியாகத் தென்பெண்ணையில் இறங்கியது. பெரியப்பா, அந்த ஆற்றங்கரையில் நம் மணலூர்பேட்டையில் படுத்திருப்பவருக்கு அந்த எண் என்ன சொல்லும்? நம் தெருவுக்கு வருமா, திண்ணை ஏறுமா, மாட்டை அவிழ்க்க நேரம் இருக்கிறதா என்று சொல்லுமா? கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று அறிவித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே வெள்ளப் பகுதி மின்கம்பங்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று பலகை கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தே வளரும் குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டாம்.

தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும்போது ஊரே கரையில் நிற்கும். பேரூராட்சிக்காரர்களும் இருப்பார்கள். அதற்கு முன்பே அவர்களிடம் பேசுங்கள். ஃபெஞ்சலின்போது தண்ணீர் ஏறிய சுவர்களில் பெயின்டால் கோடு போட்டு, 'சாத்தனூரில் இவ்வளவு திறந்தால் இதுவரை' என்று எழுதச் சொல்லுங்கள். பெயின்ட் செலவை நான் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்