அழித்த நாலு வரி

2012-ல் எங்கள் பக்கம் குறுவை போய்விட்டது. மேட்டூர் அணையைச் செப்டம்பரில்தான் திறந்தார்கள். அப்போது நான் முகநூலுக்குப் புதியவன். எங்கள் வாய்க்கால் தூர் வாராமல் கிடப்பதைப் பற்றி நாலு வரி, கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தேன்.

அக்டோபர் கடைசியில் பேப்பரில் ஒரு செய்தி. மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் சிறு தொழில் செய்யும் ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66ஏ பிரிவு. எழுதியது அடுத்தவருக்கு எரிச்சலூட்டினாலே மூன்று வருஷம் வரை சிறை என்கிற அளவுக்கு அகலமான பிரிவு அது.

"பென்ஷன் வாங்குற காலத்துல இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பேசாம எடுத்துடுங்க" என்றாள் மனைவி. எடுத்துவிட்டேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1789-ஆம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தை வாத்தியார் மனப்பாடம் பண்ண வைத்தார். எண்ணத்தைத் தடையில்லாமல் சொல்வது மனிதனின் அருமையான உரிமைகளில் ஒன்று என்கிறது அதன் 11-ஆவது பிரிவு. அன்று ராத்திரி அது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதமே மும்பை பக்கம் பால்கரில் இரண்டு இளம் பெண்களைக் கைது செய்தார்கள். ஒருத்தி எழுதினாள், இன்னொருத்தி அதற்கு 'லைக்' போட்டாள், அவ்வளவுதான். அதைப் பார்த்து ஷ்ரேயா சிங்கால் என்ற 21 வயதுப் பெண் உச்ச நீதிமன்றம் போனாள். 2015 மார்ச் 24-ஆம் தேதி 66ஏ செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அறுபது தாண்டிய நான் அழித்தேன், அந்தப் பெண் வழக்குப் போட்டாள்.

தீர்ப்புக்குப் பிறகும் அதே பிரிவில் காவல் நிலையங்களில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. திருத்தச் சீட்டு வந்தால் விதிப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டாத ஆபீசில் பழைய விதிதான் சட்டம்.

இன்னொன்றும் உண்டு. இணையத்தில் ஒரு பக்கத்தையே முடக்கும் 69ஏ பிரிவு செல்லும் என்று அதே தீர்ப்பு சொன்னது. முடக்கக் கோரும் கடிதமும் நடவடிக்கையும் ரகசியம் என்கிறது அதன் விதி. எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. ஒரு ஆற்றுக்கு ஷட்டரை இறக்கினால் விவசாயி போய், "யார் சொல்லி இறக்கினீங்க?" என்று கேட்பார், பதிலும் வாங்காமல் திரும்பமாட்டார். இணையத்து ஷட்டருக்கும் அந்தக் கேள்வி வேண்டும். முடக்கத்தான் வேண்டுமென்றால் காரணத்தை எழுதி, பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்கட்டும்.

அந்த நாலு வரியைத் திரும்ப எழுதிப் போடலாமென்று நேற்று உட்கார்ந்தேன். இரண்டு வரிதான் ஞாபகம் வருகிறது.