தேடலும் வாசிப்பும்: ஒரு மாணவியின் அனுபவம்

எமது கலைப்பீடத்தில் சிரேஷ்ட மாணவர்கள் புதுமுக மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தைக் 'குப்பி' என்று அழைப்பர். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்தின் எச்சமாக இப்பெயர் நிலைத்தது என்பர். இன்று அக்குப்பியிலே விளக்குமில்லை, சுற்றியிருப்போருமில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொருவரும் தத்தம் கட்டிலில் இருந்தவாறே 'சூம்' வழியாக ஒன்றுகூடுகின்றோம். விளங்கியவன் யார், உறங்கியவன் யார் என்பது நடத்துபவருக்குத் தெரிவதில்லை. பெயர் மாத்திரம் பழையது. படிக்கும் முறை முற்றிலும் புதியது. இம்மாற்றம் எமக்குத் தந்ததென்ன, எம்மிடமிருந்து எடுத்துக்கொண்டதென்ன என்பதை என் சொந்த அனுபவத்தைக் கொண்டு நோக்க விரும்புகிறேன்.

புதுமையைப் பழிப்பது என் நோக்கமன்று. நான் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்ததற்கே ஒரு கையடக்கத் தொலைபேசி பெருங்காரணமாகும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் உயர்தர வகுப்பில் சேரக் காத்திருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளது எமது கிராமம். வீட்டினுள் இணைய இணைப்புக் கிடைக்காது. குளக்கட்டில் ஏறினால்தான் கிடைக்கும். இருந்த ஒரே தொலைபேசி காலையில் எனக்கும் மாலையில் தம்பிக்குமாகப் பங்கிடப்பட்டது. பின்னர் 2022 இல் பொருளாதார நெருக்கடி முற்றி, மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, தொலைபேசியில் மின் இருக்கும் வரையே எமக்குப் படிப்பும் இருந்தது.

அயல்வீட்டுத் தோழிக்கு அந்த ஒரு தொலைபேசியும் இல்லை. ஆசிரியர் அனுப்பும் குறிப்புகளை நான் வாசிக்க, அவள் கொப்பியில் எழுதிக்கொள்வாள். அவளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிட்டவில்லை. தொலைபேசி இல்லாமையே அதற்குக் காரணம் எனத் துணிந்து கூறமாட்டேன். ஆயினும், 'இணையம் கல்வியை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது' என்று விரிவுரை மண்டபத்தில் எவரேனும் கூறுமிடத்து எனக்கு அவளது கொப்பியே நினைவில் எழுகின்றது. கருவியை வாங்க வல்லோனுக்கும் வல்லாதோனுக்கும் இடையிலான பழைய ஏற்றத்தாழ்வு புதிய உருவத்தில் தொடர்வதை மறுப்பதற்கில்லை.

பல்கலைக்கழகம் வந்த பின்னர் வேறோர் உலகம் திறந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பின் நினைவை நெஞ்சிற் சுமந்த சமூகத்திலிருந்து 2005 இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. அதற்கு முன்னரே, 1998 இல், தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கும் 'மதுரைத் திட்டம்' தொடங்கியிருந்தது. ஒரு காலத்தில் நெடுந்தூரம் பயணஞ்செய்து தேடவேண்டியிருந்த சஞ்சிகைகளை இன்று விடுதி அறையிலிருந்தே பார்க்க முடிகின்றது. இது சிறிய பேறன்று. ஆனால் இப்பேறே என்னை ஒரு தவறுக்கு இட்டுச்சென்றது.

சென்ற ஆண்டு ஒப்படை ஒன்றுக்காகக் கூத்து மீளுருவாக்கம் பற்றி எழுதினேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியமை யாவரும் அறிந்ததே. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, சுருக்கப்பட்டுப் படச்சட்ட மேடைக்கு வந்தது. என் அம்மப்பா இளமையிற் கூத்தாடியவர். ஆதலின், இம்மாற்றத்தைக் கிராமத்து அண்ணாவிமார் எவ்வாறு நோக்கினர் என்பதை அறிய விரும்பினேன். பொருத்தமாகத் தோன்றிய சொற்களை இட்டு இணையத்தில் இரண்டு இரவுகள் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. 'கிராமத்துக் கலைஞரின் குரல் அக்கால வெளியீடுகள் எவற்றிலும் பதிவாகவில்லை' என்று முடிவுரை எழுதினேன். அவ்வாக்கியத்தில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

விரிவுரையாளர் அவ்வாக்கியத்தின் கீழ்க் கோடிட்டுவிட்டு, "பிள்ளை, நீர் தேடினீரா, வாசித்தீரா?" என்று கேட்டார்.

"தேடினேன் சேர்."

"அப்போ போய் வாசியும்."

நூலகத்தின் பழைய தொகுதிகளின் முன் மூன்று நாட்கள் இருந்தேன். மூன்றாம் நாள், அட்டை கிழிந்த விழா மலர் ஒன்றிலே எமது பகுதி அண்ணாவியார் ஒருவரின் ஒன்றரைப் பக்கக் குறிப்பு அகப்பட்டது. நான் தேடிய சொற்களுள் ஒன்றேனும் அதில் இல்லை. நான் 'நாட்டுக்கூத்து' என்று தேடினேன். அவரோ 'ஆட்டம்' என்று எழுதியிருந்தார். நான் 'விமர்சனம்' என்று தேடினேன். அவரோ 'எங்கள் மனக்குறை' என்று எழுதியிருந்தார்.

தேடியபோது கிடைக்காமைக்கான காரணங்களைப் பின்னரே ஆராய்ந்தேன். மின்னூலகங்களிலுள்ள பழைய வெளியீடுகள் பெரும்பாலும் பக்கங்களின் படங்களாகவே ஏற்றப்படுவன. படத்தை எழுத்தாக மாற்றினாலன்றி அதனுள் ஒரு சொல்லைத் தேட இயலாது. மாற்றும் மென்பொருளோ, ணை, லை, னை முதலியவற்றின் பழைய கொம்பு வடிவங்களிலும் மங்கிய அச்சிலும் இடறுகின்றது. 'பாமினி' போன்ற எழுத்துருக்களிலே தட்டெழுதப்பட்ட ஆய்வேடுகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். தேடுபொறி அவற்றைத் தமிழாகக் கொள்வதில்லை. இவை யாவற்றுக்கும் மேலாக, எமக்குத் தெரிந்த சொல்லையே நாம் தேடுகின்றோம். பிறர் வழங்கிய சொல் எமக்குத் தெரியாதவிடத்து அவர்தம் கருத்தும் எமக்கு இல்லாததாகிவிடுகின்றது. வாசிப்பவனோ தான் தேடாததையும் கண்டடைகின்றான்.

2022 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு உரையாடற் கருவிகள் பரவிய பின்னர் இச்சிக்கல் மறுபுறமாகவும் திரும்பியுள்ளது. சகபாடி ஒருவருக்கு அத்தகைய கருவி, ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றுடன் ஒரு கட்டுரையைச் சான்றாகத் தந்தது. அப்படியொரு கட்டுரை எங்கும் இருக்கவில்லை. உள்ளதை இல்லையெனக் கொண்டது என் தவறு. இல்லாததை உள்ளதெனக் கொண்டது அவரது தவறு. இரண்டிலும் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் உழைப்பை நாம் தவிர்த்துக்கொண்டோம்.

எனவே, கருவிகளைக் கைவிடுக என்பது என் வாதமன்று. ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்றையேனும் ஒருங்குறியில் தட்டெழுதி, மின்னூலகம் ஒன்றுக்கு வழங்கலாம். கிழமைக்கு ஒரு தடவையாவது குப்பியை நேரிற் கூடி நடத்தலாம். தேடல் தந்த விடையை எழுதுமுன், தேடாத பக்கங்கள் எவை என்று கேட்கப் பழகலாம்.

அவ் ஒன்றரைப் பக்கத்தையும் தொலைபேசியிற் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் குளக்கட்டில் நின்று அதனைப் பெற்று, வீட்டுக்குச் சென்று அம்மப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மறுநாள் அம்மப்பாவின் குரற்பதிவு வந்தது. அண்ணாவியார் எழுதியது சரிதான் என்றும், ஆனால் வெட்டப்பட்ட தருக்களைப் பற்றி அவர் எழுதாமல் விட்டுவிட்டார் என்றும் கூறி, அவற்றுள் ஒன்றை இருமலுக்கிடையே பாடியிருந்தார். எந்தத் தொகுதியிலும் இல்லாத சான்று அது. ஒப்படையின் முடிவுரையை நான் மீண்டும் எழுதினேன்.