கணக்கும் சலங்கையும்

கணக்குப் போடுகிறவர்களுக்குக் கலை ரஸனை கிடையாது. கலை ரஸனை உள்ளவர்களுக்குக் கணக்கு வராது. உலகத்தாரிடையே வெகு காலமாக இப்படி ஓர் அபிப்பிராயம் இருந்து வருகிறது. இதன் பிற்பாதிக்கு நம்மையே உதாரணமாகக் காட்டலாம். சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து வரும் நமக்கு, பால் கணக்கை இரண்டு தரம் கூட்டினால் இரண்டு விடை வரும். ஆனால் முற்பாதி சுத்தப் பொய் என்பதற்கு நம் வீட்டிலேயே பதினாறு வருஷ காலம் ஒரு சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி நம்முடைய மனைவி. 2022-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அவள் காலமானாள்.

அவள் கணிதத்தில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவள், ஏழு வயதிலிருந்து பரத நாட்டியம் பயின்றவள். இரண்டில் எதன்மீது பிரியம் அதிகம் என்று கல்யாணமான புதிதில் கேட்டோம். "வலது கண்ணா, இடது கண்ணா என்று கேட்பதுபோல் இருக்கிறதே!" என்று சொல்லிச் சிரித்தாள்.

மயிலாப்பூரில் பஸ்ஸுக்காக நிற்கும்போது, பெசன்ட் நகர் செல்லும் 29சி தூரத்தில் தெரிந்தால், "அதோ சங்கராபரணம் வருகிறது!" என்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். விஷயம் இதுதான்: கர்நாடக சங்கீதத்தில் மேளகர்த்தா ராகங்கள் 72. மத்தியமம் இரண்டு வகை. அதற்குக் கீழே ரிஷப காந்தாரங்கள் ஆறு விதமாகச் சேரும். மேலே தைவத நிஷாதங்களும் ஆறு விதமாகச் சேரும். இரண்டை ஆறால் பெருக்கி, மறுபடியும் ஆறால் பெருக்கினால் 72. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த கணக்கு இது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு ராகத்தின் பெயருக்குள்ளும் அதன் எண்ணைப் பொதிந்து வைத்தார்கள். தீரசங்கராபரணம் என்பதில் முதல் எழுத்துக்கு ஒன்பது, இரண்டாம் எழுத்துக்கு இரண்டு. திருப்பிப் படித்தால் 29. அதேபோல் மேசகல்யாணி 65, மாயாமாளவகௌளை 15. எண்ணைக் கண்டால் ராகமும், ராகத்தைக் கேட்டால் எண்ணும் அவளுக்கு ஒருங்கே தோன்றும்.

நிற்க. மார்கழி மாதக் கச்சேரிகளுக்கும் நாட்டியங்களுக்கும் அவளுடன் போய் வந்துதான் நமக்கும் கொஞ்சம் ரஸனை உண்டாயிற்று. ஒரு சமயம் நாட்டிய நிகழ்ச்சி ஒன்றிலிருந்து திரும்பியதும், தீர்மானம் என்றால் என்ன என்று கேட்டோம். பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினாள். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. ஒரே ஜதியை மூன்று முறை சொல்லி, மறு ஆவர்த்தனத்தின் சமத்திலே கச்சிதமாக வந்து விழ வேண்டும்.

"32-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள்" என்றாள்.

வகுபடவில்லை. நம் வகுத்தல் என்பதால் சந்தேகப்பட்டு மறுபடியும் வகுத்தோம். அப்போதும் இரண்டு மீந்தது.

"அதற்குத்தான் கார்வை. ஜதிக்கும் ஜதிக்கும் நடுவில் காலும் வாயும் சும்மா இருக்கும். தாளம் மட்டும் ஓடும். அந்த இரண்டு இடைவெளிகளையும் சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும்" என்றாள். ஜதிக்குப் பத்து மாத்திரை என்றால் கார்வை ஒன்று. ஜதி எட்டானால் கார்வை நான்கு. ஆறுக்கு ஏழு, நாலுக்குப் பத்து, இரண்டுக்குப் பதின்மூன்று. ஆக, விடைகள் ஐந்து. "ஐந்தும் சரியான விடைதான். எதை எடுத்துக்கொள்வது என்பதிலேதான் கலை இருக்கிறது" என்று முடித்தாள். பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சொல்லியிருந்தால் நாம் கணக்கைக் கண்டு அவ்வளவு தூரம் ஓடியிருக்க மாட்டோம்.

ஒரு கோடை விடுமுறையில் கும்பகோணம் போயிருந்தபோது, சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து அழைத்துப் போனாள். ராமானுஜன் 1920-இல் தமது 32-ஆவது வயதில் காலமானார். அவருடைய மனைவி ஜானகி அம்மாள் அதன் பிறகு எழுபத்து நான்கு வருஷம், 1994 வரையில், வாழ்ந்தார். திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து சுயமாக ஜீவனம் நடத்தினார். அந்தச் சிறிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "எல்லோரும் அவருடைய 32 வருஷத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். இந்த அம்மாளின் எழுபத்து நான்கு வருஷத்தை யார் எண்ணினார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இப்போது அடிக்கடி நம் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களிலும் அவளுடைய விரல்கள் சும்மா இருக்கவில்லை. குழாய் வழியாக மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். அதற்கு இசையப் போர்வைமேல் தாளம் போட்டுக்கொண்டிருப்பாள். நர்ஸம்மாள் வந்து வேகத்தைக் கூட்டினால், "மேற்காலம் வந்துவிட்டது" என்பாள். நர்ஸம்மாளுக்குப் புரியாது. நமக்குப் புரியும், ஆனால் சிரிப்பு வராது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பெண் இந்த வருஷம் பத்தாவது வகுப்புத் தேறியிருக்கிறாள். தாயாரைப் போலவே அவளுக்கும் இரண்டு பைத்தியம். உறவினர்கள் வந்து கூடி, "கணக்குப் பாடம் எடுத்துவிட்டால் இரண்டு வருஷத்துக்கு நாட்டியத்தை நிறுத்திவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று புத்திமதி சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. நம் மனைவியின் பதினாறாவது வயதிலும் பெரியவர்கள் இதையேதான் சொன்னார்களாம்; சலங்கையைப் பரண்மேல் ஏற்றி வைத்தார்களாம். "அந்த இரண்டு வருஷமும் கணக்குப் போட்டேன், ஆனால் ஒரு கணக்காவது என்னோடு பேசவில்லை" என்று அவள் சொன்னதுண்டு. நம் தேசத்தில் எத்தனை வீட்டுப் பரண்களில் எத்தனை ஜோடிச் சலங்கைகள் தூங்குகின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

உறவினர்களுக்குக் காப்பி கொடுத்து மரியாதையாக வழியனுப்பினோம். பெண் கணக்குப் பாடமும் எடுத்துக்கொண்டாள். நாட்டிய வகுப்புக்கும் போகிறாள். பரீட்சையில் நாலு மார்க் குறைந்தால் குறையட்டும் என்று தீர்மானித்துவிட்டோம்.

போன வாரம் அவள் கூடத்தில் ஜதி சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். தாளம் போட ஆள் வேண்டும் என்று நம்மை உட்கார வைத்தாள். அந்த ஐந்து விடைகளில் அம்மாவுக்குப் பிடித்தது எது என்று கேட்டாள். எட்டும் நான்கும் என்றோம். கார்வை காதில் விழுகிற அளவுக்காவது நீளமாக இருக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பெண் எட்டு மாத்திரை ஆடி நின்றாள். வீடு நிசப்தமாயிற்று. நாம் தொடையில் தட்டி எண்ணினோம்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பால் கணக்கு இன்றைக்கும் நமக்குச் சரியாக வருவதில்லை. இந்த நான்கை மட்டும் தவறாமல் எண்ணுகிறோம்.