எட்டாவது அருட்சாதனம்

திருச்சபையின் அருட்சாதனங்கள் ஏழு என்பதை முதல் நற்கருணைக்கு ஆயத்தமாகும் சிறுவரும் அறிவர். ஆயினும் ஹைட்டி நாட்டின் தாபு கோம்போ என்னும் இசைக்குழு, 1970களின் நடுவே வெளியிட்ட தன் நடன இசைத்தட்டு ஒன்றுக்கு ‘எட்டாவது அருட்சாதனம்’ எனப் பெயர் சூட்டியது. பாரிசு மாநகரில் வாழும் நம் உறவினர் ஒருவர் அதை நமக்குக் கேட்கத் தந்தபோது, பெயரைக் கண்டதுமே முகம் சுளித்தோம். கேட்டு முடித்த பின்னரோ, கடப்பாக்கத்துக் கடற்கரையில் 2004ஆம் ஆண்டு நாம் செய்த தவறு ஒன்று நெஞ்சில் வந்து நின்றது.

ஹைட்டி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுப் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்டோரின் வழிவந்தோர். 1804இல் தம் விடுதலையைத் தாமே வென்றெடுத்தவர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர். அங்கே 1955இல் நெமூர் ழான்-பாப்திஸ்த் என்பவர் ‘கோம்பா’ என்னும் நடன இசையை வகுத்தார். 1968இல் தோன்றிய தாபு கோம்போ குழுவினர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஃபங்க் துடிப்பையும் மின்கிதாரின் மயக்கும் ஒலியையும் அதனோடு குழைத்தனர். நியூயார்க் நகரைப் பற்றிய அவர்களது பாட்டு 1975இல் பாரிசையே ஆட்டிவைத்தது. மொழி நமக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்போர் உடல் தானே அசையத் தொடங்கும் அந்த அழைப்பு நமக்குப் புதிதன்று.

அந்நாளில் கடப்பாக்கத்துக் கடலோரக் குடும்பங்கள் சிலவும் நமது மேய்ப்புப் பொறுப்பில் இருந்தன. மீனவ இளைஞர் ஒருவருக்கும், 1990இல் கைக்குழந்தையாகத் தாயின் தோளில் படகேறி வந்த ஈழத்துப் பெண்ணின் அக்காளுக்கும் அவ்வாண்டு மே மாதம் திருமணம். 2002இன் போர்நிறுத்தத்தால் பயணம் எளிதாகவே, மணமகளின் தாத்தா மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தார். பறங்கியர் குலத்தவர், தச்சர். எழுபதைக் கடந்த வயது.

மாலை விருந்தில் இளைஞர்கள் ஒலிபெருக்கியில் ‘சுராங்கனி’ பாட்டைப் போட்டனர். சிலோன் மனோகர் என நம் மக்கள் அழைக்கும் ஏ.ஈ. மனோகரன் 1970களில் புகழ்பெறச் செய்த பாட்டு; 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்திலும் ஒலித்தது. மீன் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லும் பாட்டு என்பதால் குப்பமே குதூகலித்தது. நாமோ, குருத்துவக் கல்லூரியில் கற்ற ஒழுங்கெல்லாம் ஒருங்கே நினைவுக்கு வர, “திருமண வீட்டில் இது என்ன கூத்து? நிறுத்துங்கள்” என்றோம். நிறுத்தினார்கள். அப்போதுதான் கண்டோம்: அப்பெரியவர் கையில் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தபடி பந்தல் நடுவே எழுந்து நின்றிருந்தார். அதை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார்.

மறுநாள் வைகறையில் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் அவரோடு நடந்தோம். நவாபுகள் காலத்துக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. இடிந்த செங்கற்சுவரைத் தடவியபடி அவர் பேசினார்.

“சுவாமி, குறையாக நினைக்காதேங்கோ. எங்கட வீட்டில மாப்பிள்ளை பொம்பிளைக்கு முன்னால வீட்டுப் பெரியவன் ஒரு சுற்று ஆடிக் காட்டுவான். அதுக்குத்தான் இந்த வயசில கடல் தாண்டி வந்தது.”

நமக்கு நா எழவில்லை. அவரே தொடர்ந்தார். போர்த்துக்கீசியர் அடிமைகளாகக் கொண்டுவந்த காப்பிரியரின் தாளமும், அவர்களது சொந்த நாட்டு வயலினும் கலந்து பிறந்தது ‘கஃப்ரிஞ்ஞா’ ஆட்டம். பைலாவுக்கும் அதுவே வேர். பைலா என்ற சொல்லும் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்ததே. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசியர் 1628இல் கட்டினர். 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை கைமாறிற்று. பாட்டோ, தச்சர் வீட்டுத் திருமணங்களில் செபமாலையோடு சேர்ந்து பிழைத்துக் கிடந்தது.

உடன்படிக்கைப் பேழைக்கு முன் தாவீது ஆடியதையும், சாளரத்தின் வழியே பார்த்து இகழ்ந்த மீக்காலையும் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம்! காணாமற்போன மகன் உவமையில், ஆடல் பாடல் ஒலியைக் கேட்டதும் மூத்த மகன் உள்ளே வர மறுத்து நின்றான். தவறேதும் செய்யாதவன், ஒழுங்கு தெரிந்தவன், ஆனால் விருந்துக்கு வெளியே நின்றவன். அன்றிரவு அவன் நம் அங்கியை அணிந்திருந்தான். மக்களுக்குரிய இசை மரபுகளை மதிக்க வேண்டுமென்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிக் கூறியது. வழிபாட்டுக்கே அது பொருந்துமாயின், முற்றத்து மகிழ்ச்சிக்குப் பொருந்தாதா?

மன்னிப்புக் கேட்டோம். பெரியவர் சிரித்தார். “அடுத்த கலியாணத்தில ஆடுவம், சுவாமி.” தங்கையின் திருமணத்தைத்தான் சொன்னார்.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையையும் அக்கரையையும் அறைந்தது. மட்டக்களப்பில் பறங்கியர் வாழ்ந்த டச்பார் பகுதி பெருமழிவைக் கண்டது. சில நாட்களில் பேத்தியர் இருவரும் இறந்தோர் திருப்பலிக்குக் காணிக்கையோடு வந்து நின்றபோது, யாருக்கென்று நாம் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் தங்கையின் திருமணத்தையும் நாமே நிறைவேற்றினோம். விருந்தில் அந்தப் பாட்டைப் போடுமாறு நாமே கேட்டோம். ஒலித்தது. எல்லாரும் எழுந்தனர், பந்தல் நடுவில் மட்டும் எவரும் காலெடுத்து வைக்கவில்லை. பாட்டு முடியும்வரை அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

அருட்சாதனங்கள் ஏழுதான். எட்டாவதைச் சேர்க்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் துன்புற்ற மக்கள் மகிழ எழுந்து நிற்கும் நேரத்தில் “நிறுத்துங்கள்” என்று சொல்லவும் நமக்கு அதிகாரம் தரப்படவில்லை. தந்தையின் வீட்டினுள் இசை கேட்கிறது. வெளியே நிற்போர் உள்ளே போவோமாக. பிறகு போகலாம் என்று இருந்துவிடலாகாது.