சேறு தடவுகிறவர்களும் பறவை பார்க்கிறவர்களும்

பறவை பார்க்க பைனாகுலர் வேண்டும், புத்தகம் வேண்டும் என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் லீவு வேண்டும். ராயபுரத்தில் கரி சுமந்த என் அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் காக்காயும் பருந்தும்தான். கரித்தூசு வீட்டுக்குள் வருகிறது என்று வழக்கு நடந்து, 2011இல் உயர்நீதிமன்றம் சென்னைத் துறைமுகத்துக் கரியை எண்ணூர்ப் பக்கம் கொண்டுபோகச் சொன்னது. கரி போனது. போன இடத்திலும் உழைக்கிற சனம்தான் இருக்கிறது.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிறது. அக்டோபர் பிறந்தால் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் உள்ளானும் கோட்டானும் ஆலாவும் வந்து இறங்கும். மார்ச், ஏப்ரலில் திரும்பும். எம்.ஏ. வகுப்பில் சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டு நடத்தினார்கள். தெற்கே போய் வடக்கே திரும்பும் நாரையிடம், போர்த்தத் துணியில்லாமல் குளிரில் கிடப்பவன் பெண்டாட்டிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறான். பரீட்சையில் உவமை நயம் கேட்டார்கள். அவனுடைய வறுமையைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

நான் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டது ஓர் இருளர் ஆயாவிடம். படகு கிடையாது, வலை கிடையாது. தண்ணியில் குந்தி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுக்கிற பொம்பளைகளில் ஒருத்தி. "சின்ன உள்ளான் ஓடுற எடத்துல சேறு கெட்டி கண்ணு, காலு உள்ள போவாது. நீட்டு மூக்கு நிக்கிற எடம் கொழகொழன்னு இருக்கும். ஆலா வுழுந்து வுழுந்து எழுந்தா பொடி மீனு ஏறுதுன்னு அர்த்தம்." புத்தகமும் இதைத்தான் சொல்கிறது: குட்டை மூக்கு மேல்சேற்றில் மேயும், நீண்ட மூக்கு ஆழத்துப் புழுவை எடுக்கும். ஒரே சேற்றில் பத்து ஜாதிப் பறவை சாப்பிடும். (பறவைக்கும் 'ஜாதி' என்றுதான் நம் வாயில் வருகிறது, என்ன செய்ய.)

மனுசன் இறங்கினால் தண்ணீரிலும் ஊர், சேரி உண்டு. வடக்கே இதே உப்பங்கழி போய்ச் சேர்கிற பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று பட்டினவர் ஊர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டுக்கொள்ளும். தலித்துக்கும் இருளருக்கும் அந்தச் சீட்டில் பெயரில்லை. மிஞ்சுவது ஓரத்துச் சேறு. எண்ணூரிலோ அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து அந்தச் சேற்றின் மேலும் படிகிறது. சாம்பல் மூடினால் புழு போச்சு. புழு போனால் உள்ளானுக்கும் சோறில்லை, இறாலுக்கும் இரையில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கியது. எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களின் படம் பத்திரிகைகளில் வந்தது. வரட்டும், அதுவும் உயிர்தான். நிவாரணம் அறிவித்தபோது 2,301 குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, சேதமான 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000 என்றது அரசு. படகுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. எண்ணெய்ச் சேற்றைத் தடவ முடியாமல் போன கைக்கு எந்தக் கணக்கில் எழுதுவது?

சனவரி தோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987 முதல். ஒரு சனவரியில் நானும் ஒரு குழுவோடு போனேன். நல்ல பிள்ளைகள், விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். உள்ளான், பவளக்கால் உள்ளான், உப்புக்கொத்தி என்று கட்டம் கட்டமாக நிரப்பினார்கள். கடைசியில் 'பறவைகளுக்கு இடைஞ்சல்' என்று ஒரு கட்டம். தூரத்தில் தலை மட்டும் தெரிய நாலு பொம்பளைகள் தண்ணியில் இருந்தார்கள். 'மனித நடமாட்டம் – 4' என்று எழுதினான் ஒரு பையன். பக்கத்தில் ஓடிய சாம்பல் குழாய் அந்தத் தாளில் ஏறவில்லை. நான் சொன்ன பிறகு ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

அடுத்த வாரம் ஆயாவிடம் இதைச் சொன்னேன். பறியைக் கழுவிக்கொண்டே சிரித்தது. "நா குந்திக்கினு இருந்தா அது கைக்கெட்டுற தூரத்துல மேயும் கண்ணு. எழுந்து நின்னாத்தான் பறக்கும். அன்னிக்கு உங்காளுங்க எல்லாரும் நின்னுக்கினே இருந்தாங்களே."