செல்ஃப் எடுக்கலையா? பேட்டரியைத் திட்டாதீங்க!

செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் வாங்கின நம்ம மக்கள் எல்லாரும் ஒரு நாள் இந்தக் கட்டத்துக்கு வந்தே தீரணும். பட்டனை அமுக்கினா வண்டி அசையாது. "பேட்டரி போச்சு, மாத்திடலாம்"னு மெக்கானிக் சொல்வார். அந்த மாச மெஸ் பணம் காலி!

கொஞ்சம் பொறுங்க. முதல்ல காதைத் தீட்டுங்க. 'டக் டக்'னு சத்தம் வந்தா, ரிலே முயற்சி பண்ணுது, மோட்டாருக்குத்தான் கரண்ட் பத்தலை. பேட்டரி டவுனா இருக்கலாம், டெர்மினல் லூஸாகவோ பச்சை பூத்தோ இருக்கலாம். சத்தமே இல்லையா? ஃபியூஸையும் பிரேக் சுவிட்சையும் பாருங்க. பெரும்பாலான ஸ்கூட்டர்ல பிரேக் பிடிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும். பல்பு நல்லா இருந்தும் பிரேக் லைட் எரியலைன்னா, அந்தக் குட்டி சுவிட்ச் மேல சந்தேகப்படலாம்.

அடுத்தது மல்டிமீட்டர். சில மணி நேரம் நின்ன வண்டியில 12.6 வோல்ட் இருந்தா சார்ஜ் இருக்குன்னு அர்த்தம். பட்டனை அமுக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தா பேட்டரி பலவீனம். கொஞ்சம்கூட இறங்கலைன்னா, மோட்டாருக்குக் கரண்ட் போகவே இல்லை. புது பேட்டரி போட்டும் பயனில்லை. இன்ஜின் ஓடும்போது லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்க. 13.5-லிருந்து 14.5 வரை வரணும். வரலைன்னா சார்ஜிங்தான் கோளாறு. புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துடும்.

இதையெல்லாம் பார்த்துட்டு மெக்கானிக்கிட்ட போங்க. "அண்ணே, பேட்டரி 12.6 இருக்கு, பிரேக் லைட்தான் எரியலை"னு சொல்லிப் பாருங்க... பேச்சே மாறும் :)