பெயர் தேடிய எலும்பன்

நவம்பர் மாதம் பிறக்கும்போதெல்லாம் ஓர் எண்பது பக்க நோட்டு என் நினைவுக்கு வருகிறது. அதன் அட்டையில் பென்சிலால் ஒரு மண்டையோடு வரையப்பட்டிருந்தது. மண்டையோட்டின் உச்சியில் ஒரு செம்பருத்திப் பூ. அதற்குக் கீழே, 'அப்பாவும் நானும் எழுதிய பேய்க் கதைகள்' என்று குழந்தைக் கையெழுத்தில் ஒரு தலைப்பு. அந்த நோட்டைத் திறந்து பார்க்காமலேயே அதன்மீது தீர்ப்பளித்தவன் நான். அந்தப் பிழையை இம்மாதத்தில் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது தகும் என்று எண்ணுகிறேன்.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நான் அப்போது பணியாற்றிய பங்கில் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சிறு வீடு இருந்தது. தோட்டத்தைக் காப்பதும், பங்கில் எவரேனும் இறந்தால் குழி வெட்டுவதுமே அவ்வீட்டுக்காரரின் வேலை. மனைவி பீடி சுற்றுபவர். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை, மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வகுப்பு தொடங்குமுன் அச்சிறுமி அதிலிருந்து கதை படித்துக் காட்டியதாகவும், இரண்டு பிள்ளைகள் பயந்து அழுதுவிட்டதாகவும் சொன்னார். நான் அட்டையைப் பார்த்தேன். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிறு மறையுரையில் இணைச்சட்ட நூலின் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்து விளக்கினேன். குறிபார்ப்பதையும், மாயவித்தையையும், இறந்தோரின் ஆவிகளை அழைப்பதையும் திருச்சபை ஏன் விலக்குகிறது என்று 1992-இல் வெளியான 'கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி' நூலின் 2116, 2117 எண்களைச் சுட்டிக்காட்டிப் பேசினேன். முடிவில், "பெற்றோரே தம் பிள்ளைகளுக்குப் பேயைக் கற்றுக்கொடுத்தால் இறைவனை யார் கற்றுக்கொடுப்பது?" என்று கேட்டேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சிறிய ஊர்; எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோயிலின் பின் வாசலருகே எப்போதும் நின்றபடியே பூசை காணும் அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சொன்னவற்றில் பொய் எதுவுமில்லை. எனினும் உண்மையையும் தவறான இடத்தில் வீசினால் அது கல்லாகிவிடுகிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

கல்லறைத் திருநாளுக்குச் சில நாள்களே இருந்தன. களை பறிப்பதைப் பற்றியும் சுண்ணாம்பு அடிப்பதைப் பற்றியும் பேச அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். பேசி முடித்த பின்பும் போகாமல் தூணருகே நின்றார்.

"சாமி, தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அந்த நோட்டு... ஒரு கத பாதியில நிக்கி. அத முடிக்காம புள்ள தூங்க மாட்டேங்கா."

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இருந்தும் அவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நின்றபடியே தயங்கித் தயங்கிச் சொன்னார்.

பள்ளியில் அவர் மகளைக் 'குழிவெட்டி மவ' என்று அழைக்கிறார்கள். ஊரில் அடக்கம் நடந்த மறுநாள் அவள் அருகில் எவரும் அமர்வதில்லை. பிண வாடை அடிக்கிறதாம். கேட்டுக் கேட்டு அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. இருட்டியபின் வாசற்படி தாண்ட மாட்டாள். பயம் வளர்ந்து கடைசியில் தகப்பனின் கைகளிலேயே வந்து நின்றது. குழி வெட்டிய நாளில், எத்தனை முறை கை கழுவினாலும், அவர் பிசைந்து கொடுக்கும் சோற்றை அவள் வாங்குவதில்லை.

"ஒரு நா ராத்திரி கேட்டேன் சாமி: அங்க என்னதாளா இருக்குன்னு நெனைக்கன்னு. புளிய மரத்துல ஒருத்தி தல விரிச்சிப் போட்டு உக்காந்திருக்கான்னா. சரி, அத எழுதிப் பாப்போம்னு ஒரு நோட்டு வாங்கிட்டு வந்தேன். நான் அஞ்சாப்புதான். நான் போடுத தப்பையெல்லாம் அவ திருத்துவா."

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பயமுறுத்தும் பகுதியைத் தகப்பன் எழுத வேண்டும். முடிவை மகள் எழுத வேண்டும். ஒருவர் பயமுறுத்திவிட்டு மற்றவரைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் முடிவு வரும்வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"மொத கத முடிஞ்ச அன்னைக்கு, அவளா வந்து என் முன்னால உக்காந்து வாயத் தொறந்தா சாமி. இப்ப இந்த ரெண்டு வாரமா மறுபடியும் தட்ட எடுத்துக்கிட்டு அவ அம்மகிட்டப் போயிருதா."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நோட்டை மட்டுமே கேட்டார். மறுநாள் நானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி அனுப்பினேன். அன்றிரவு முதன்முறையாக அதைத் திறந்து படித்தேன்.

நீல மசியில் தகப்பனின் எழுத்து. றகரம் வரவேண்டிய இடங்களில் ரகரம். அவற்றின்மேல் பென்சில் திருத்தங்கள். பின்பு பென்சிலிலேயே மகளின் முடிவு. புளியமரத்து மோகினி நள்ளிரவில் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டுகிறாள்; நீல மசி அங்கே நிற்கிறது. பென்சில் தொடர்கிறது: அவளுக்குத் தலையெல்லாம் பேன், அதனால்தான் முடியை விரித்துப் போட்டிருக்கிறாள், சிறுமி தன் பேன்சீப்பைக் கொடுத்தனுப்புகிறாள். கொள்ளிவாய்ப் பிசாசின் கதையில் அதன் துயரம் வேறு: ஐஸ் வாங்கி வாயருகே கொண்டுபோனால் உருகிவிடுகிறது. கோயிலில் மின்சாரம் போன இரவில் அதையே அழைத்துவந்து மெழுகுதிரிகளை ஏற்றச் சொல்கிறாள் அவள். நள்ளிரவில் தனியாகச் சிரித்தேன்.

கடைசிக் கதை ஓர் எலும்பனைப் பற்றியது. அவன் கல்லறையின் மரச்சிலுவை மக்கி விழுந்துவிட்டது. மழையில் மேடும் கரைந்துபோனது. தன் பெயரை மறந்துபோன அவன் இரவுதோறும் எழுந்து, கல்லறை கல்லறையாகப் போய்ப் பெயர்களைத் தடவிப் பார்க்கிறான். எதுவும் அவனுடையதாக இல்லை. ஒரு குழிவெட்டியும் அவர் மகளும் அவனுக்கு உதவ முன்வருகிறார்கள். இறந்தோர் பெயரெல்லாம் எழுதிய பெரிய புத்தகம் சாமியாரின் அலமாரியில் இருக்கிறது. மூவரும் பங்கு இல்லத்துக்கு வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

'கதவு திரக்கவில்லை' என்று நீல மசியில் எழுதியிருந்தது. அந்த ரகரம் திருத்தப்படாமலே நின்றது. அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

அந்த வெற்றுப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குருமடத்தில் கற்றும், பின்பு பங்குகளில் விளக்கியும் வந்த தோபித்து நூல் அப்போதுதான் எனக்குப் புதிதாகத் திறந்தது. அந்நூலைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோபித்து என்பவர் யார்? இறந்தோருக்குக் குழி வெட்டியவர். கதிரவன் மறைந்தபின் சென்று, கேட்பாரற்றுக் கிடந்த உடலை அடக்கம் செய்தவர். அதற்காக அண்டை வீட்டார் அவரை ஏளனம் செய்தார்கள் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அவர் மகன் தோபியா பயணம் புறப்படுகிறான். வழித்துணையாக மாற்றுருவில் ஒரு வானதூதர். பின்னாலேயே ஒரு நாய். ஆற்றில் பெரிய மீன் ஒன்று துள்ளி அவன்மேல் பாய்கிறது. அவன் மணக்கவிருக்கும் சாராவின் ஏழு கணவர்களை அசுமதேயு என்ற பேய் மணநாள் இரவிலேயே கொன்றிருக்கிறது. எட்டாம் அதிகாரத்தில், மருமகன் பிழைக்க மாட்டான் என்று அஞ்சிய மாமனார் இரவோடு இரவாகக் குழி வெட்டச் செய்கிறார். பணிப்பெண்ணை விளக்கோடு அனுப்பிப் பார்த்துவரச் சொல்கிறார். மணமக்கள் அயர்ந்து தூங்குகிறார்கள்! விடியுமுன் அவசர அவசரமாகக் குழியை மூடச் சொல்கிறார்.

இது பேய்க் கதை அல்லாமல் வேறென்ன? நடுங்கவும் வைக்கிறது, சிரிக்கவும் வைக்கிறது. மீனின் ஈரலும் இதயமும் எழுப்பிய புகையில் பேய் எகிப்துக்கு ஓடுகிறது. மீனின் பித்தநீரால் மகன் தந்தையின் கண்களைத் திறக்கிறான். இத்தனைக்கும் பிறகு, பன்னிரண்டாம் அதிகாரத்தில் வானதூதர் இரபேல் தம்மை வெளிப்படுத்தி, விடைபெறும் வேளையில் தந்தைக்கும் மகனுக்கும் இடும் கட்டளை என்ன? நடந்தவற்றையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்பதே. குழிவெட்டி ஒருவரும் அவர் பிள்ளையும் அச்சத்தையும் மீட்பையும் எழுத வேண்டும் என்று விண்ணகமே கேட்டிருக்க, அப்படியொரு நோட்டை நான் பூட்டிவைத்திருந்தேன்.

மேலைநாட்டிலும் இவ்வழக்கு பழையதே. செருமானிய நாட்டுக் கிரிம் சகோதரர்கள் 1812-இல் தம் முதல் கதைத் தொகுதியை வெளியிட்டபோது, காட்டில் விடப்பட்ட அண்ணன் தங்கை கதையில் பிள்ளைகளைக் கைவிடத் தூண்டியவள் பெற்ற தாயே. பிந்தைய பதிப்புகளில்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். குழந்தையின் பேரச்சம் சூனியக்காரியிடத்தில் இல்லை. தன் வீட்டாரே தன்னை விட்டுவிடுவார்களோ என்பதில்தான் இருக்கிறது என்பதைக் கதை சொன்னவர்கள் அறிந்திருந்தார்கள். 1922-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்ட்டன் அதற்கு முன்பே, 1909-இல் வெளியான தம் கட்டுரை நூலில் இதைப் பற்றி எழுதினார். பறவைநாகத்தைக் குழந்தைக்கு அறிமுகம் செய்வது கதை அல்ல. அது பிறவியிலேயே அவனுக்குத் தெரிந்தது. அதைக் கொல்லும் புனித ஜார்ஜையே கதை கொண்டுவந்து தருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். கத்தோலிக்கரான டோல்கீனும் தம் பிள்ளைகளுக்கு 1920 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோல ஆண்டுதோறும் கடிதம் எழுதிவந்தார். குகைப் பூதங்கள் புகுந்து தாக்கும் கதைகளும் அவற்றில் உண்டு.

இவர்களையெல்லாம் நான் படித்திருந்தேன். எனினும் என் பங்கிலிருந்த ஒரு தகப்பனைப் படிக்கத் தவறிவிட்டேன்.

மறுநாள் மாலை நோட்டோடு அவ்வீட்டுக்குச் சென்றேன். சிறுமி என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்தாள். திண்ணையில் அமர்ந்து, "படிக்காமலே எடுத்து வைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது" என்று அவளிடம் சொன்னேன். நோட்டை வாங்கிப் பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தாள். பின்பு கேட்டாள்:

"சாமி, செத்தவங்க பேரெல்லாம் எழுதுன புஸ்தகம் நெசமாவே இருக்கா?"

தகப்பனையும் மகளையும் அழைத்துவந்து, இரும்பு அலமாரியைத் திறந்து, அடக்கப் பதிவேடுகளைக் காட்டினேன். பழைய ஏடு ஒன்றில் பல பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அவள் அந்த ஓட்டையில் விரலை வைத்து, மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். "அப்ப இவங்க பேர் யாருக்குத் தெரியும்?" என்றாள். "இறைவனுக்குத் தெரியும்" என்றேன். நான்காம் நற்கருணை மன்றாட்டில், எவருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவரே அறிவாரோ அவர்களையும் நாம் நினைவுகூருகிறோம் என்பதை எளிய சொற்களில் விளக்கினேன். அவள் முகத்தைப் பார்த்தால் முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, முடிந்த கதையைக் காட்டினாள். சாமியார் தாமதமாகத்தான் கதவைத் திறக்கிறார். அவருக்குக் காது சற்று மந்தம். புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் எலும்பனின் பெயர் இருந்த பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. எலும்பன் அழுகிறான். கல்லறைத் திருநாள் வருகிறது. சாமியார் எல்லாப் பெயர்களையும் வாசித்து முடிக்கிறார். எலும்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பும்போது, சாமியார் கடைசியாக, "பெயர் தெரியாத எல்லாரும்" என்கிறார். உடனே அவன் எழுந்து நின்று, பள்ளிப் பிள்ளையைப் போல, "உள்ளேன் ஐயா!" என்கிறான். அதன்பின் அவன் இரவில் எழவேயில்லை.

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைகளை மந்திரிக்கும்முன், வழக்கம்போல் பெயர்ப் பட்டியலை வாசித்தேன். கடைசியில் நிறுத்தி, அச்சிறுமி எனக்கு எழுதித் தந்த வரியையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு, முந்தைய மறையுரையில் ஒரு குடும்பத்தை அறியாமல் புண்படுத்திவிட்டேன் என்றும், இறந்தோரை அடக்கம் செய்வது திருச்சபை போற்றும் இரக்கச் செயல்களில் ஒன்று என்றும், அதை நம் எல்லோர்க்கும் பதிலாக ஒருவர் செய்துவருகிறார் என்றும் மக்களிடம் சொன்னேன். பள்ளியில் கேலி அன்றோடு ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் மறுநாள் காலை அவ்வழியே போனபோது, வாசற்படியில் தகப்பன் உருட்டிக் கொடுத்த பழைய சோற்றை அவள் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். முந்தின மாலை அவர் ஒரு குழி வெட்டியிருந்தார்.

உயிர்த்த ஆண்டவரைக் கண்ட சீடர்கள் ஆவியைக் கண்டதாக எண்ணி நடுங்கினார்கள் என்கிறார் லூக்கா. ஆண்டவர் அவர்களை இகழ்ந்து ஒதுக்கவில்லை. தம் கைகளைக் காட்டினார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். உண்ண ஏதேனும் உண்டா என்று கேட்டு, வேகவைத்த மீன் துண்டை அவர்கள் கண்முன் உண்டார். அச்சம் தீர்ந்தது விளக்கவுரையால் அன்று. கைகளைக் கண்டதாலும் உணவாலும்தான்.

பெற்றோரே, இருட்டில் என்ன இருக்கிறது என்று பிள்ளை கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லி விளக்கை அணைத்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, என்ன இருப்பதாக அது நினைக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் சேர்ந்து எழுதுங்கள். முடிவு வரும்வரை எழுந்து போகாதீர்கள். என் போன்ற குருக்களுக்கும் அதே ஒப்பந்தம் பொருந்தும்: நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டு மக்களைப் பாதி வழியில் விட்டுப் போக நமக்கு உரிமை இல்லை.

அந்தப் பங்கைவிட்டு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்போதும் கல்லறைத் திருநாளில் பெயர்களை வாசித்து முடித்தபின் அந்த வரியைச் சொல்கிறேன். சொன்னபின், கூட்டத்தில் யாருக்கும் காரணம் விளங்காதபடி, ஒரு கணம் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.